ஷட்டரைத் தாண்டிப் போன தண்ணீர்: கடலூர் முதல் கோடியக்கரை வரை

சனிக்கிழமை இரவு, கடலூர்

காலாண்டுப் பரீட்சை லீவு. கடலூரில் ஆரம்பித்துக் கடற்கரையை ஒட்டியே கோடியக்கரை வரைக்கும் காரில் போக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஒரு ஆசை. தருமபுரிக்காரர்கள் கடல் பார்க்கக் கிளம்பினால் பெரும்பாலும் கிருஷ்ணகிரி வழியாகச் சென்னைக்குப் போய், மெரினாவில் சுண்டல் தின்றுவிட்டுத் திரும்புவார்கள். எங்கள் வண்டி விடியற்காலையில் அரூர் ரோட்டில் திரும்பியதற்குக் காரணம் என் மாமனார்.

மாமா கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் தென்பெண்ணை மேல் இருக்கும் கே.ஆர்.பி. அணையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷட்டரை ஏற்றி இறக்குவது, அளவுகோலில் தண்ணீர் மட்டம் பார்த்து நோட்டில் எழுதுவது, கால்வாய்க் கரையில் சைக்கிளில் போய் எங்கேயாவது கசிகிறதா என்று பார்ப்பது, இதெல்லாம் லஸ்கர் வேலை. எங்கள் வீட்டில் ‘ஐம்பத்திரண்டு’ என்று யாராவது சொன்னால் அது அணையின் முழு மட்டம்தான், வேறு அர்த்தமே கிடையாது. இத்தனை வருஷம் தென்பெண்ணைத் தண்ணீரைக் கீழே அனுப்பியவர், அது கடலில் போய்ச் சேரும் இடத்தைப் பார்த்ததில்லை. "கடலுக்குத்தான போறீங்க மாப்ளே, ஆத்த ஒட்டியே போயிடலாமே" என்றார். சரி என்றேன். என் மனைவி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

இதில் இன்னொரு கூத்து, இது புரட்டாசி. வீட்டில் கவுச்சி கிடையாது. மீனுக்குப் பேர்போன ஊர்களாகப் பார்த்துப் பார்த்துப் போகிறோம், ஒரு துண்டு வறுவல்கூட வாயில் வைக்க முடியாது. ஐப்பசியில் போகலாமே என்று மகள் மனு போட்டாள். ஐப்பசி பிறந்தால் அந்தக் கரையில் மழையும் புயலும்தான் என்று தாத்தா தள்ளுபடி செய்துவிட்டார்.

மொரப்பூர், அரூர் தாண்டி அனுமன்தீர்த்தத்தில் முதல் நிறுத்தம். ராமர் பூஜைக்குத் தண்ணீர் கேட்டாராம். அனுமார் கொண்டுவர நேரமாகவே, அம்பு விட்டு மலையிலேயே தண்ணீர் வரவழைத்துவிட்டார். அதுதான் தீர்த்தமலை. தாமதமாக வந்த அனுமார் கோபத்தில் வீசிய தண்ணீர் விழுந்த இடம் இது. அதனால் இங்கே குளித்துவிட்டுத்தான் தீர்த்தமலை ஏற வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. மாமா குளிக்கவில்லை. குனிந்து தண்ணீரை அள்ளி மோந்து பார்த்தார். ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் இந்த ஆறு வெள்ளை வெள்ளையாக நுரை கக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தவர்களுக்கு அவர் ஏன் மோந்தார் என்று புரியும். பெங்களூருவின் சாக்கடை அதில் பாதி. "இங்க பரவால்ல" என்று கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

தானிப்பாடி, தண்டராம்பட்டு வழியாகச் சாத்தனூர் அணை. பூங்காவையும் முதலைப் பண்ணையையும் மகளுக்காக ஒரு சுற்று. மாமாவுக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. 119 அடி அணை, ஏழு டி.எம்.சி.க்கு மேல் பிடிக்கும். கே.ஆர்.பி. ஒன்றரை டி.எம்.சி.யை ஒட்டித்தான். "நாங்க தொறந்தா இவங்களுக்குப் போன் போடுவோம்" என்றார். 2024 டிசம்பர் முதல் தேதிவாக்கில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் கொட்டியது எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. ரோட்டோரம் நின்ற வேன்களும் பஸ்களும் ஏரித் தண்ணீரில் உருண்டுபோன வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். அந்த மழையும் சேர்ந்துதான் இங்கே வந்தது. சாத்தனூரிலிருந்து 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்தார்கள். மாமா மதகுகளை எண்ணிக்கொண்டே அந்த எண்ணை இரண்டு தடவை சொன்னார். அவர் சர்வீசில் அப்படி ஒரு எண்ணை எழுதியதே இல்லையாம்.

மணலூர்பேட்டை வழியாகத் திருக்கோவிலூர். புரட்டாசிச் சனிக்கிழமையில் உலகளந்த பெருமாள் கோயிலுக்குப் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வரிசை தெரு வரைக்கும் நின்றது. கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஆற்றங்கரைக்குப் போய்விட்டோம். ஆற்றுக்குள் கபிலர் குன்று நிற்கிறது, ஒரு பாறை, உச்சியில் சின்னக் கோயில். பாரி இறந்தபின் அவன் மகள்களுக்கு ஒரு வழி செய்துவிட்டுக் கபிலர் இங்கேதான் உயிரை விட்டார் என்பது ஊர் நம்பிக்கை. எனக்கு இந்த ஊரில் வேறு ஒரு சொந்தம் உண்டு. எங்கள் அதியமான் நெடுமான் அஞ்சி படையெடுத்து வந்து, மலையமான் காரியிடமிருந்து பிடித்த கோவலூர் இதுதான். ஔவையார் அதைப் பெருமையாகப் பாடியிருக்கிறார். காரி சும்மா இருப்பானா? சேரனோடு சேர்ந்துகொண்டான். கடைசியில் அதியமானின் தகடூரே, அதாவது இன்றைய எங்கள் தருமபுரியே, விழுந்தது. நெல்லிக்கனிக் கதையைச் சொல்லும் அளவுக்கு இந்தக் கதையை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் சொல்வதில்லை.

பண்ருட்டியில் பலா சீசன் முடிந்துவிட்டது, முந்திரி வாங்கினோம். கடலூர் வரும்போது இருட்டிவிட்டது.

ஞாயிறு இரவு, சிதம்பரம்

காலை ஆறு மணிக்கே மாமா குளித்து, திருநீறு பூசி, லாட்ஜ் வாசலில் செருப்போடு நின்றார்.

தாழங்குடா கடலூருக்கு வடக்கே ஒரு மீனவக் கிராமம். அதை ஒட்டித்தான் தென்பெண்ணையின் முகத்துவாரம். மணல் அப்படியே நீளமாகக் கிடக்கிறது. ஆறு என்று வந்தது அந்த மணலுக்குப் பின்னால் அசையாமல் அகலமாக நிற்கிறது. ஓரிடத்தில் மட்டும் மணலை அறுத்துக்கொண்டு கடலோடு ஒரு தொடுப்பு. அதிலும் தண்ணீர் வெளியே போகவில்லை, அலை அடிக்கும்போது கடல்தான் உள்ளே வருகிறது. மாமா இறங்கிப் போய் ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பினார்.

"இது ஆறு இல்ல மாப்ளே. கடலு உள்ள வந்து படுத்திருக்கு."

கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்து, எந்த ஊர் என்று கேட்டார். தருமபுரி என்றோம்.

"தருமபுரியா? அப்ப உங்க ஊரு தண்ணிதான்யா எங்க தெருவுக்குள்ள வந்துச்சு, அந்தப் புயலப்ப."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் மாமாவுக்கு முகம் மாறிவிட்டது. பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு வேகத்தில் ஏறியது, முன்கூட்டிச் சொன்னார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்களாம். இடுப்பளவு வரும் என்று யாரும் நினைக்கவில்லையாம். மாமா எழுந்து அவர் காட்டிய சுவரைப் போய்ப் பார்த்தார். சுண்ணாம்பு அடித்திருந்தாலும் சேற்றுக் கோடு மங்கலாகத் தெரிந்தது. தரையிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் சாண் வைத்து அளந்தார். அப்புறம் அந்த வலைக்காரரிடம், "நாங்க மேல இருந்து தொறக்கறப்ப இங்க இப்பிடி ஒரு செவுரு இருக்கும்னு தெரியாதுங்க" என்றார். அவரோ, "நீங்க என்னாய்யா பண்ணுவீங்க, அணை ஒடைஞ்சா இன்னும் மோசமில்ல" என்று சமாதானம் சொன்னார்.

இதை நான் வண்டியில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். கெலவரப்பள்ளி, கே.ஆர்.பி., சாத்தனூர், அதற்குக் கீழே திருக்கோவிலூர் அணைக்கட்டு, எல்லீஸ் அணைக்கட்டு, இடையில் எத்தனையோ ஏரிகளுக்குப் போகும் வாய்க்கால்கள். நல்ல தண்ணீர் முழுவதையும் வழியிலேயே எடுத்துக்கொள்கிறோம். எடுக்க முடியாத அன்றைக்குத்தான் கடலூர்க்காரனுக்கு ஆறு வருகிறது. அதை அவன் வீட்டுக்குள் அனுப்புகிறோம். அணைகள் இல்லாமல் எங்கள் ஊரில் நெல்லும் இல்லை, ராகியும் இல்லை. அது எனக்கும் தெரியும். ஆனாலும் தாழங்குடாவுக்குச் சேர வேண்டிய பங்கு என்று ஒன்று யாருடைய கணக்கு நோட்டிலும் இல்லை.

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் கொஞ்ச நேரம். இங்கிலீஷ்காரன் 1690-இல் கோட்டையை விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்த இடம். பார்க்கப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

மதியத்துக்கு மேல் பிச்சாவரம். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள் என்பேன். மோட்டாரில் போனால் பெரிய வாய்க்காலோடு திரும்பிவிடுவார்கள். துடுப்பில்தான் கிளைகள் தலையைத் தட்டும் சின்னச் சந்துகளுக்குள் நுழைய முடியும். சுரபுன்னையின் வேர்கள் கிளைகளிலிருந்து வளைந்து இறங்கிச் சேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. மரத்திலேயே விதை முளைத்து, நாற்று முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்குகிறது. பழுத்ததும் நேராகக் கீழே விழுந்து சேற்றில் குத்திக்கொள்ளுமாம். தண்ணீர் ஏறியிருந்தால் மிதந்து போய் வேறு எங்கேயாவது வேர் பிடிக்கும். மகள் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வெண்கண்டல் மரங்களுக்கு வேறு ஏற்பாடு. மூச்சு விடுவதற்காக வேர்களைச் சேற்றிலிருந்து மேலே குச்சி குச்சியாக நீட்டி வைத்திருக்கின்றன. 2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் ஓரளவு தப்பித்ததைப் படகுக்காரர் தன் சொந்தக்காரர் கதை மாதிரிச் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமா வேர்களில் இருந்த ஈரக் கோட்டைப் பார்த்து, "இப்ப தண்ணி வத்துது, ஒரு அடி எறங்கியாச்சு" என்றார். படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தார்.

பரங்கிப்பேட்டை நண்டைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

திங்கள் இரவு, காரைக்கால்

கொள்ளிடம் பாலத்தில் வண்டியை மெதுவாக்கச் சொன்னார் மாமா. அகலத்தைப் பார்த்து அசந்துபோனார். இதுவும் எங்கள் மாவட்டத்துத் தண்ணீர்தான். ஒகேனக்கல்லில் விழுந்து, மேட்டூரில் தேங்கி, முக்கொம்பில் பிரிந்து இந்தப் பக்கம் வருகிறது. வெள்ளம் வந்தால் தாங்குவது கொள்ளிடம். காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் கல்லணையில் பங்கு போகும்.

பாசனத்துக்குப் போனது போக மிச்சம் எவ்வளவு என்பதைப் பூம்புகாரில் பார்த்தோம். காவிரி கடலில் சேரும் இடம் அது. ஒகேனக்கல்லில் அருவிக்குப் பக்கத்தில் நின்றால் பக்கத்து ஆள் கத்துவதுகூடக் காதில் விழாது. இங்கே கரையில் நின்ற இரண்டு பையன்கள் இக்கரைக்கும் அக்கரைக்குமாகச் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா இதைத் தாழங்குடா அளவுக்கு மனதில் போட்டுக்கொள்ளவில்லை. "இது நம்ம டிபார்ட்மெண்ட்டு தண்ணி இல்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். 1973-இல் கட்டிய ஏழு நிலை மாடக் கலைக்கூடத்தில் கண்ணகி கதை சுவர் முழுக்கச் சிற்பமாக இருக்கிறது. கடற்கரையில் அரிப்பைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருப்பதால் மணலில் கால் நனைக்கச் சௌகரியமில்லை. பழைய பட்டினம் கடலுக்குள் என்கிறார்கள். புதியதையும் கடல் விட்டுவைக்கிற மாதிரித் தெரியவில்லை.

தரங்கம்பாடிதான் இன்றைக்கு எனக்குப் பிடித்த ஊர். நகர வாசலைத் தாண்டி ராஜ வீதிக்குள் நுழைந்தால் சத்தம் குறைந்துவிடுகிறது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. மேலே கவர்னர் வீடு, கீழே கிடங்குகள். பிரம்மாண்டம் ஒன்றும் கிடையாது, அதனாலேயே நன்றாக இருக்கிறது. 1845-இல் இங்கிலீஷ்காரனுக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

1706-இல் இங்கே வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்றுக்கொண்டு, அச்சுக்கூடம் வைத்து, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார். காகிதம் கப்பலில் வந்து கட்டுப்படியாகவில்லை என்று பக்கத்திலேயே காகிதம் செய்யவும் முயன்றிருக்கிறார்கள். பொறையாறு பக்கம் கடுதாசிப்பட்டறை என்று இன்னும் ஓர் இடம் இருக்கிறது. என் மனைவி ஸ்கூல் டீச்சர். பழைய அச்செழுத்துகளின் படத்துக்கு முன்னால் அவள் நின்ற நேரத்தில் நாங்கள் மூன்று பேரும் வெளியே வந்து ஆளுக்கு ஒரு இளநீர் குடித்துவிட்டோம்.

கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பாதியைக் கடல் தின்றுவிட்டது. செதுக்கிய கற்கள் அலைக்குள் கிடக்கின்றன, மேலே பாசி. ஒரு கல்லில் விளிம்பு வேலைப்பாடு மட்டும் இன்னும் தெரிகிறது. அலை பின்வாங்கும்போது அதன் இடுக்கிலிருந்து சின்ன நண்டுகள் வெளியே வந்து, அடுத்த அலைக்கு முன் உள்ளே போய்விடுகின்றன. கருவறைப் பக்கத்தைக் கல் தடுப்புப் போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

தங்கிய லாட்ஜைப் பற்றி ஒரு வார்த்தை: குழாயில் உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்கவே இல்லை. வாடகை மட்டும் சென்னை வாடகை. பெயர் வேண்டாம். காரைக்கால் புதுச்சேரி கணக்கில் வருவதால் பெட்ரோல் கொஞ்சம் மலிவு, டேங்கை நிரப்பி மனதைத் தேற்றிக்கொண்டேன்.

செவ்வாய் இரவு, வேதாரண்யம்

நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் பெரியதை 131 அடி என்கிறார்கள். கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய ராஜா பிரதாப் சிங். மகள் புறாக்களுக்குத் தானியம் போட்டாள், நாங்கள் சர்க்கரை வாங்கி ஓதி வாங்கிக்கொண்டோம். நாகப்பட்டினத்தில் நிற்கவில்லை. வேளாங்கண்ணியில் கூட்டம், வெயில். மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். வேளாங்கண்ணியில் ரோட்டோரம் தட்டு தட்டாக வறுத்த மீனை அடுக்கி வைத்திருக்கும் கடைகளைத் தாண்டி நடப்பது புரட்டாசி விரதத்தில் தனிப் பாடம்.

வேதாரண்யத்துக்கு வந்ததே அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்காக. தண்டி யாத்திரை நடந்த அதே 1930-இல் ராஜாஜி ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து கிளம்பி இங்கே வந்து, 30-ஆம் தேதி உப்பு எடுத்துக் கைதானார். வழியில் இவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தண்டோரா போட்டிருந்தார். ஊர் ஜனம் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டதாம். ராஜாஜி பிறந்தது ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில், தென்பெண்ணைக் கரைக்காரர். மாமாவுக்கு இது புதுச் செய்தி இல்லை, ஆனால் நினைவுத் தூணுக்கு முன்னால் நின்று, "பாருங்க, நம்ம பக்கத்துல இருந்து உருப்படியா ஒண்ணு இந்தக் கரைக்கு வந்திருக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுவரைப் பார்த்ததிலிருந்து அவர் மனதில் இருந்தது இதுதான் போல.

உப்பளத்தில் சீசன் முடியும் நேரம். பாத்திகள் பாதி காலி. வாரிய உப்பை நீள நீளமாகக் குவித்து மழைக்கு முன்னால் ஓலை வேய்ந்துகொண்டிருந்தார்கள். வெயிலில் அந்த வெள்ளையைக் கண் திறந்து பார்க்க முடியவில்லை. அங்கே வேலை செய்யும் ஒரு அம்மா என் மகளைக் கூப்பிட்டு, பாத்தி ஓரத்தில் படிந்திருந்ததைக் கிள்ளி நாக்கில் வைத்தார். மகள் முகத்தைச் சுளித்தாள். "கடையில வாங்கறதவிடக் காரமா இருக்கா? அதுதான் கண்ணு உப்பு" என்றார். காலில் தோல் வெடித்து வெடித்து இருந்தது. ரப்பர் பூட்ஸ் போட மாட்டீங்களா அக்கா என்று என் மனைவி கேட்டதற்கு, "போட்டா வழுக்கும், பாத்தி கலங்கிடும்" என்றார். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த வழியாகத்தான் கரையேறியது. அன்றைக்கு உப்பளம் முழுக்கச் சேறு, மறுபடி பாத்தி கட்டியதில் இருந்து எல்லாம் முதலில் இருந்து.

புதன் மாலை, கோடியக்கரை

வனத்துறைச் சாவடியில் கட்டணம் கட்டிக் காலையிலேயே காட்டுக்குள் நுழைந்துவிட்டோம். 1967-இல் வெளிமான்களுக்காக அறிவித்த சரணாலயம். வெளிமான் கண்ணில் பட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. புல்வெளியில் ஒரு கிடா முறுக்குக் கொம்போடு, முதுகு கறுத்து, வயிறு வெளுத்து, எங்களைப் பொருட்படுத்தாமல் நின்றது. பெண் மான்கள் பழுப்பு. இன்னும் கொஞ்சம் உள்ளே மட்டக் குதிரைகள், யாருக்கும் சொந்தமில்லாதவை. கஜாவில் சாய்ந்த மரங்களின் அடிக்கட்டைகள் அங்கங்கே கிடக்கின்றன.

பூநாரைகள் கூட்டமாக வர இன்னும் நாள் இருக்கிறதாம். தூரத்தில் உப்பு ஏரியில் கொஞ்சம் மட்டும் ஒற்றைக்காலில் நின்றன. பைனாகுலரில் பார்த்தால்தான் ரோஸ் தெரிகிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து முதலில் ஏறியது இதுதான், 2002-இல். பறவை பார்க்கவே வருகிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் வாருங்கள்.

சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் சுனாமியில் விழுந்துபோய் அடிப்பகுதி செங்கல் குவியலாகக் கிடக்கிறது. அதற்குப் பக்கத்தில் நின்றால் கரை திரும்புவது கண்ணுக்கே தெரிகிறது. சென்னையிலிருந்து நேராகத் தெற்கே வந்த கரை இங்கே மேற்கே மடங்கிவிடுகிறது. எங்கள் திட்டமும் இதோடு சரி.

நாளைக்கு ஊருக்குத் திரும்ப வேண்டும். திருத்துறைப்பூண்டி, தஞ்சாவூர், திருச்சி, நாமக்கல், சேலம் என்று நேர் வழி. ராத்திரிக்குள் தருமபுரி போய்விடலாம். சாப்பிடும்போது மாமா மெதுவாக ஆரம்பித்தார்.

"தஞ்சாவூர் தாண்டினா கல்லணை பக்கம்தான மாப்ளே?"

"அப்பா, போதும்" என்றாள் மகள்காரி.

"ஷட்டர மட்டும் பாத்துட்டு வந்துடலாம்மா. அஞ்சு நிமிசம்."

சாத்தனூரில் அவர் சொன்ன ஐந்து நிமிடம் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பேத்தி தாத்தா பக்கம் கை தூக்கிவிட்டாள். நான் வண்டி ஓட்டுகிறவன், எனக்கு ஓட்டில்லையாம். கல்லணை வழியாகத்தான் போகிறோம்.